ஒரு வேலை மட்டும் தெரிந்த கருவி

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் அன்றைக்குத்தான் தொடங்கியது. செப்டம்பர் 28 அன்று நியூயார்க்கில் அமேசான் தன் முதல் டேப்லெட்டான கின்டில் ஃபயரை 199 டாலர் விலை சொல்லி அறிமுகப்படுத்தியது. அக்டோபர் 5 அன்று தில்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். அரசுக்கு அடக்கவிலை இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், உலகத்திலேயே மலிவானது என்று பெருமை பேசப்பட்டது. அன்றைக்கே அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்துபோனார். ஆகாஷ் செய்தி உள்பக்கத்துக்குப் போனது.

மூன்று வாரத்துக்குள் இத்தனையும் நடந்த அந்த ஆண்டுதான் புத்தகம் படிப்பதற்கென்றே செய்யப்பட்ட மின்வாசிப்புக் கருவிகளின் உச்சம். ஐஎச்எஸ் ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2011-இல் உலகம் முழுக்க 2.32 கோடி கருவிகள் போயின. 2012-இல் அது 1.49 கோடியாகச் சரிந்தது. டேப்லெட் வந்துவிட்டது, இனி எதற்கு இது என்று பலரும் கருமாதிப் பத்திரிகை அடித்துவிட்டார்கள். சோனி 2014-இல் கடையைக் கட்டியது. நம் ஊரிலும் ஒரு முயற்சி இருந்தது: அகமதாபாத்தின் இன்ஃபிபீம் 2010-இல் 'பை' என்ற கருவியை 9,999 ரூபாய்க்கு விற்றது. இந்திய மொழிகளும் அதில் வரும் என்றார்கள். இன்று அதைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் கின்டில், கோபோ ஆகிய வாசிப்புக் கருவிகள் சாகவில்லை. 2025 ஏப்ரலில் புதிய கின்டில் பேப்பர்வொயிட் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, 16,999 ரூபாய்க்கு. கொன்றுவிடும் என்று சொல்லப்பட்ட டேப்லெட்டின் கதை என்ன ஆனது? அதைத் திருவள்ளூர் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். டேப்லெட் பிரமாதமாக இல்லை, ஆனால் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கையில் அரசு கொடுத்த கைக்கணினி இருக்கிறது. அதில் வருகைப்பதிவும் மாணவர் மதிப்பீடும் நடக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில் தரப் பரிசோதகரிடம் ஒரு டேப் இருக்கிறது. அதில் பட்டியலுக்கு எதிரே டிக் அடிக்கிறார். வீட்டில் கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்குக் கடன்பட்டு வாங்கிய டேப், இப்போது சோறு ஊட்டும்போது குழந்தைக்குக் கார்ட்டூன் காட்டுகிறது. புத்தகத்தை விழுங்கவந்தது என்று நாம் பயந்த பொருள் கடைசியில் அலுவலகப் பேரேடாக வேலைக்குச் சேர்ந்துவிட்டது. வாசகனைத் தூக்கிக்கொண்டு போனது போன்தான்.

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் காலை நேரத்தில் ஏறிப் பார்த்தால் இதற்குத் தனியாகச் சான்று வேண்டாம். திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்து, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வண்டி போய்க்கொண்டிருக்கும். சிப்காட்டுக்குப் போகிற ஐடிஐ பையன்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கூட்டமாகத் தங்கி வேலை பார்க்கிறவர்கள், ஆசிரியைகள், பூக்கூடைகள். எல்லார் கையிலும் போன். சத்தம் வைத்துப் பார்க்கிறவர்களைத் திட்டுகிற ஆள்கூட இப்போதெல்லாம் குறைந்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் ஒருவர் கையில் மட்டும் கின்டில் பார்த்தேன். பேச்சுக்கொடுத்தேன். சிப்காட்டில் ஓர் உருக்காலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். அண்ணன் மகன் வேண்டாம் என்று போட்ட பழைய கருவியாம். திரைப்படம் வந்த சமயத்தில் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை ஏற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தவர், ஐந்து பாகமும் முடித்துவிட்டார்.

"போன்லயே படிக்கலாமே?" என்றேன்.

"படிக்கலாம் சார். அதுல படிக்க உக்காந்தா அரை மணியில ரீல்ஸ்ல போய் நிக்கிறேன். இதுல ரீல்ஸே வராது. வேற வழியில்ல, படிச்சுத்தான் ஆகணும்."

கிழக்குப் பக்க ஜன்னல். வெயில் நேராகத் திரையில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் போனைக் கையால் மறைத்து, சாய்த்து, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு வெயில் ஏறஏற எழுத்து தெளிவானது. பக்கம் புரட்டும்போது மட்டும் திரை ஒருகணம் கறுத்து மறுபடி வெளுத்தது.

அந்தக் கறுத்து வெளுக்கிற கணத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. போன் திரையும் டேப் திரையும் கண்ணுக்குள் விளக்கடிப்பவை. கின்டிலில் உள்ள இ-இங்க் திரையில் விளக்கே அடிப்படை இல்லை. தலைமுடித் தடிமன் அளவே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழிகள். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவத்தில் மிதக்கும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். வெள்ளைக்கு நேர்மின்னூட்டம், கறுப்புக்கு எதிர்மின்னூட்டம். அடியில் மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அப்படியே நிற்கும், மின்சாரமே இல்லாவிட்டாலும். அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சன் குழுவினர் இதை உருவாக்கி, 1997-இல் கம்பெனியாக்கினார்கள். 2004-இல் சோனியின் 'லிப்ரியே' அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2007 நவம்பரில் கின்டில் அதை வீட்டுப் பொருளாக்கியது. 2009-இல் தைவான் நிறுவனம் ஒன்று இ-இங்க்கை வாங்கித் தானும் அந்தப் பெயருக்கே மாறிக்கொண்டது. இன்று அந்த நிறுவனத்துக்குப் பெரிய வாடிக்கை புத்தகம் படிப்பவர்கள் மட்டுமல்ல. பல்பொருள் அங்காடிகளில் அலமாரி ஓரத்தில் விலை காட்டுகிற சின்னச்சின்ன மின்சீட்டுகள். வால்மார்ட் ஆயிரக்கணக்கான கடைகளில் மின்சீட்டு மாட்டப்போவதாக 2024-இல் அறிவித்தது. இந்தத் திரைத் தொழிலைப் பருப்பும் சோப்பும் தாங்கிப்பிடித்துவிடும், வாசகன் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்ப் பதிப்பகங்கள் பாடநூல் துணைவன்களின் நிழலில் கவிதை போடுவது நமக்குப் பழக்கமானதுதானே.

பல வேலை செய்யும் கருவி வந்தால் ஒரு வேலை செய்யும் கருவி அழியும் என்பது பொதுவாக நம்பப்படுவது. எதிராகச் சொல்லவும் இதே மாவட்டத்தில் ஆதாரம் கிடக்கிறது. பூண்டி ஏரிக்கு அருகே கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் பின்னாளில் செய்த அகழாய்வில் அங்குள்ள பழைய கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுள்ளவை என்று தெரிந்தது. கைக்குள் அடங்கும் அந்தக் கல் வெட்டும், சுரண்டும், தோண்டும், எலும்பை உடைக்கும். அந்தக் காலத்து டேப்லெட் என்றே சொல்லலாம். அதே குழு 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அந்தப் பெருங்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுச் சீவியெடுத்த சிறு கற்செதில் கருவிகள் பெருகின என்றது. எல்லாம் செய்கிற கல் போய், அதது செய்கிற கல் வந்திருக்கிறது. தொல்லியல்காரர்கள் இந்த ஒப்புமையைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்க்கும்போது எனக்கு இப்படித்தான் ஓடுகிறது.

அதற்காகக் கின்டிலுக்குக் கொடிபிடிக்க மனம் வரவில்லை. பதினேழாயிரம் ரூபாய் என்பது சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற தொகை. படிக்க மட்டும் அதைக் கொடு என்று யார் சொல்வது? இதை உலக அளவில் முயன்று பார்த்தவர்களும் உண்டு. அமேசானில் வேலைபார்த்த டேவிட் ரிஷர் தொடங்கிய வேர்ல்டுரீடர் அமைப்பு 2010-இல் கானா நாட்டுப் பள்ளிகளுக்குக் கின்டில் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல நோக்கம், நல்ல வேலை. ஆனால் கொஞ்ச காலத்தில் அவர்கள் போன் வழியாகப் புத்தகம் தருவதற்கு மாறினார்கள். கையில் ஏற்கெனவே இருக்கிற கருவியில் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கட்டுபடியாகும் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

ஒரு வேடிக்கையான சலுகை மட்டும் கின்டிலுக்கு இங்கே இருக்கிறது. சில ஆலைகளில் கேமரா உள்ள போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நம் ஃபிட்டர் முதல்நாள் கின்டிலைக் காட்டியபோது செக்யூரிட்டி திருப்பித்திருப்பிப் பார்த்து, "கேமரா எங்க?" என்றாராம். "இல்லண்ணே." "பேச முடியுமா?" "முடியாது." "அப்புறம் எதுக்கு இது?" சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்று, உதிரிபாகம் வருகிறவரை காத்திருக்கும்போது படிக்கிறார். உபயோகமற்ற பொருள் என்று தீர்ப்பாகித்தான் அது உள்ளே போகமுடிந்தது.

சரி, கருவி இருக்கட்டும். அதில் தமிழ் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான பகுதி. கின்டில் வந்து பல வருடங்கள் அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், நடுவில் புள்ளிபோட்ட வட்டம். கொக்கு என்று அடித்தால் வேறென்னவோ பறக்கும். அமேசான் தன் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களை முறையாக விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில்தான். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2013-இல், த. சீனிவாசனும் நண்பர்களும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தைத் தொடங்கியிருந்தார்கள். எழுத்தாளர்களிடம் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நூலையும் நாலு வடிவத்தில் போட்டார்கள்: ஆண்ட்ராய்டுக்கும் ஆப்பிளுக்கும் இபப், புதிய கின்டிலுக்கு மோபி, அச்சடிக்க ஏ4 பிடிஎஃப், அப்புறம் பழைய கின்டிலுக்கும் நூக் கருவிக்கும் ஆறு அங்குல பிடிஎஃப். கருவிக்குத் தமிழ் தெரியாதா, பரவாயில்லை, எழுத்துருவைப் பக்கத்துக்குள்ளேயே பொதிந்து, அந்தத் திரையின் அளவுக்கே பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிடு. முரட்டு வைத்தியம். கேட்டது. அந்த 'ஆறு அங்குல பிடிஎஃப்' என்கிற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் பின்னால் ராத்திரி கண்விழித்த யாரோ ஒருவர் தெரிகிறார். பெரிய கம்பெனி தமிழுக்குக் கதவு திறக்கிறவரை, ஜன்னல்வழியாகத் தமிழை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். அவர்களுக்கும் முன்னால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த ப. குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று, உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்களால் எழுந்தது. ஃபிட்டர் படித்த 'பொன்னியின் செல்வன்' அங்கிருந்து வந்ததுதான்.

இந்த இரண்டு தளங்களிலும் கிடைப்பது எழுத்து. தட்டினால் பெரிதாகும், சிறிதாகும், எந்தத் திரைக்கும் தகுந்தபடி வரி மடிந்துகொள்ளும். தமிழில் மின்னூல் என்று இருப்பவற்றில் பெரும்பகுதி அப்படி இல்லை. பக்கத்தைப் படம் பிடித்து வைத்தவை.

படமாக இருப்பதைப் படிக்கும் பாட்டைக் கும்மிடிப்பூண்டியில் பார்த்தேன். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. 2021-இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கே பிறந்து, கல்லூரியில் தமிழ் படிக்கும் ஒரு மாணவி 'மல்லிகை' பற்றி ஒப்படைப்பு எழுதிக்கொண்டிருந்தார். டொமினிக் ஜீவா 1966-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி நடத்திய இதழ். அதை அந்தப் பெண் வேறு எங்கே போய்ப் பார்ப்பார்? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூனில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. அதற்குப் பிறகான ஒரு தலைமுறையின் பதிலாக 2005-இல் எழுந்தது 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம். அதன் தளத்தில் மல்லிகை இருக்கிறது, வருடவாரியாக.

அவர் படித்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். போனில் பிடிஎஃப் திறந்து, இரண்டு விரலால் விரித்து, ஒரு வரியின் பாதியைப் படித்து, விரலால் இடது பக்கம் தள்ளி மீதியைப் படித்து, மறுபடி வலது பக்கம் இழுத்து அடுத்த வரி. இரண்டு பத்தி அமைப்பு வேறு. ஒரு கதை முடிக்கத் திரைமேல் விரல் எத்தனை நூறு தடவை போய்வந்திருக்கும்! முகத்தில் சலிப்பு இல்லை. அவர் வேறு வகையில் படித்ததே இல்லை. இதே பக்கம் பத்து அங்குல டேப்லெட்டில் முழுசாக, அழகாக, மஞ்சளித்த காகிதத்தின் நிறத்தோடு வந்திருக்கும். ஆறு அங்குலக் கின்டிலில் போட்டால் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்திருக்கும். விரிக்க முயன்றால் ஒவ்வொரு அசைவுக்கும் திரை கறுத்து வெளுத்து உயிரை வாங்கும். இங்கே டேப்லெட்தான் ஜெயிக்கிறது, வாதத்துக்கே இடமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும் இதே கதைதான். அரிய நூல்கள், பருவ இதழ்கள், ஓலைச்சுவடிகள், எல்லாம் படமாக.

ஆக, டேப்லெட்டா வாசிப்புக் கருவியா என்ற சண்டையைத் தமிழில் வைத்துப் பேசினால் அது திரையைப் பற்றிய சண்டை அல்ல. நம் நூல்கள் படமாக இருக்கிறவரை இ-இங்க் கருவிக்கு இங்கே சாப்பிட ஒன்றுமில்லை. எழுத்தாக மாற மாறத்தான் அதற்கு எதிர்காலம். அந்த மாற்றம் தைவானிலோ அமேசானின் சியாட்டிலிலோ நடக்கப்போவதில்லை.

எங்கே நடக்கிறது என்றால், கொஞ்சம் தன்னார்வலர்கள் நடத்தும் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில். தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் மின்வருடலை அங்கே கொடுத்தது. கூகுளின் எழுத்துணரியை ஓட்டி எழுத்தாக்கினார்கள். எழுத்துணரி அசாத்தியமான வேலைக்காரன்தான், ஆனால் அதற்குச் சில கெட்ட பழக்கங்கள் உண்டு. காலையும் ரகரத்தையும் பிரித்துப் பார்க்காது. 'பாரம்' என்பது 'பரரம்' ஆகும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய நூல்களில் ணை, லை, னை எல்லாம் மேலே தும்பிக்கை தூக்கி நிற்கும், றா, னா, ணா காலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்டால் இயந்திரம் மிரண்டு வாய்க்கு வந்ததை எழுதிவைக்கும். மனிதன்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். அங்கே பக்கத்துக்குப் பக்கம் நிறம் உண்டு: யாரும் பார்க்காதது சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. பச்சையான நூலை இபப் ஆக இறக்கி எந்தக் கருவியிலும் ஏற்றலாம். அட்டவணைகளைத் திறந்தால் சிவப்புதான் கண்ணில் அறைகிறது. மெய்ப்புப் பார்க்கிறவர்கள் சொற்பம், ஊதியமும் இல்லை. கைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் கோடிகளில் டெண்டர் விடத் தெரிந்த அரசுக்கு, அதில் திறந்து படிக்கப்படும் பக்கத்தைத் திருத்துகிறவருக்குப் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று போடத் தோன்றவில்லை. கருவி கொடுத்தால் மேடை போடலாம், மெய்ப்புக்கு யார் மேடை போடுவார்கள்?

கடையில் விற்கும் தமிழ் மின்னூல் எழுத்தாகத்தானே வருகிறது என்று கேட்கலாம். வருகிறது. 2016-க்குப் பிறகு கின்டிலில் தாங்களே நூல் போட்டுக்கொண்ட தமிழ் எழுத்தாளர்கள் ஏராளம். பதிப்பாளர் தேடி அலையாமல் நூல் கொண்டுவந்த பெண்கள் அதில் நிறைய. குப்பையும் நிறைய, அது அச்சிலும் உள்ளதுதான். என் மனத்தாங்கல் வேறு. அங்கே வாங்குவது புத்தகம் அல்ல, படிக்கும் அனுமதி. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, விற்றவரிடம் உரிமை இல்லை என்று சொல்லி, வாசகர்களின் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. சீனாவில் 2023 ஜூன் 30 அன்று கின்டில் கடையையே மூடியது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி கம்பியில் கருவிக்கு ஏற்றும் வசதியை எடுத்துவிட்டது. கருவி ஒரு வேலைதான் செய்கிறது, ஆனால் யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது. அதே கருவியில் வெளியிலிருந்து நாம் கொண்டுவரும் இபப்பை மின்னஞ்சலில் அனுப்பி ஏற்றிக்கொள்ள இன்றுவரை தடையில்லை. அந்தச் சந்து திறந்திருக்கிறவரை எனக்கு அதன்மேல் பெரிய பகை இல்லை.

ஃபிட்டரை அப்புறமும் அதே வண்டியில் பார்க்கிறேன். கல்கியை முடித்துவிட்டு, விக்கிமூலத்திலிருந்து நாட்டுடைமையான ஒரு பழைய பயண நூலை இறக்கியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பிழை என்று புலம்பினார். திருத்தலாம், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், போனிலேயே செய்யலாம் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தேன். இடதுபக்கம் எழுத்து, வலதுபக்கம் படம். போனில் அது மேலும்கீழுமாக வரும், கஷ்டம்தான். ஆனாலும் பிடித்துக்கொண்டார். மெஷினில் கை வைத்தவருக்கு ஒழுங்கில்லாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராது போலிருக்கிறது. சில பக்கங்கள் மஞ்சளாயின. ஒருநாள் கோபமாக வந்தார்.

"சார், நான் பாத்த பக்கத்த எவனோ மாத்தியிருக்கான். புக்குல 'வியாஸம்'னு இருக்கு, நான் அப்படியே போட்டேன். அவன் 'கட்டுரை'ன்னு ஆக்கிட்டான்."

"அப்படிச் செய்யக்கூடாதே."

"அதான் சார் நானும் கேக்குறேன். எழுதுனவர் எழுதுனதத்தானே போடணும்? பிடிக்கலன்னா அவன் தனியா ஒரு புக் எழுதிக்கட்டும்."

விக்கிமூலத்தின் விதியும் அதுதான்; மூலத்தில் உள்ளதை உள்ளபடி தரவேண்டும். பேச்சுப் பக்கத்தில் போய் இதையே எழுதுங்கள், கையெழுத்துப் போட மறக்காதீர்கள் என்றேன். 'எவனோ' என்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.